பிரஸ் ஓடினால் பேசுவார்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவராலேயே அதைச் சொல்ல முடிந்ததில்லை, நான் மட்டும் எதற்குச் சுலபமாகச் சொல்லிவிட வேண்டும்? திக்குகிற பலருக்குச் சொந்தப் பெயரைப் போலக் கஷ்டமான சொல் வேறில்லை என்று பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். யாராவது பெயரைக் கேட்டால், அந்த நேரத்துக்கு வாயில் எது தடங்கலில்லாமல் வருகிறதோ அதைச் சொல்லிவிடுவார். ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் பால்காரருக்கு அவர் மணி. சைக்கிள் கடையில் ஏழுமலை. ஆவடி மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மா ஒருத்தி அவரை யூசுப் என்றே நம்பி, வருஷா வருஷம் ரம்ஜானுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவரும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார்.

டீக்கடையிலும் இதே கதைதான். அவருக்குப் பிடித்தது காப்பி. வாயில் வந்தது டீ. அதனால் டீயே குடித்தார்.

நாங்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தோம். பேப்பர் அச்சடிக்கும் பிரஸ் இல்லை. இரும்புத் தகட்டை அடித்து லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் சின்னச் சின்ன சாமான் செய்கிற பவர் பிரஸ். அவர் மெஷினில் நின்றார். அடித்து வந்ததை அளவு பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற மேஜையில் நான் உட்கார்ந்தேன். எண்பத்தைந்து வாக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, ஷெட்டுக்குள் வரிசையாகப் பிரஸ்கள் இடித்துக்கொண்டிருந்தன. அந்த இடிக்கு நடுவில் ஒரு மனுஷர் கணீரென்று பேசிக்கொண்டும், சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டிக்கொண்டும், எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டும் இருந்தார். சரியான வாயாடி என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து, "அண்ணே, ஆவடிக்கு எந்தப் பக்கம் ஸ்டேஷன்?" என்று அவரைத்தான் கேட்டேன். வாயைத் திறந்தார், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை இறுக மூடினார், ஒன்றும் வரவில்லை. கடைசியில் கையால் வழி காட்டினார்.

விஷயம் இவ்வளவுதான். காது அடைக்கிற சத்தம் இருந்தால் அவருக்குத் திக்காது. சத்தம் நின்றால் பேச்சும் நின்றுவிடும். எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது, அவருக்கும் பழகிப்போயிருந்தது. அவர் வீட்டில் ஒரு குழந்தை பேச ஆரம்பித்த பிறகுதான் இது விளையாட்டு இல்லை என்று ஆனது.

கரண்ட் கட் ஆகும் நாளில்தான் கூத்து. ஒருநாள் மத்தியானம் சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்து சூப்பரைசர் ஊட்டுக்கு அவரு மாமனார் வந்துகீறாரு. வந்த மனுசன் நேரா கொல்லைக்குப் போய் இன்னா பண்ணிகீறாருன்னா..." அவ்வளவுதான், கரண்ட் போய்விட்டது. ஷெட்டு அமைதியாகிவிட்டது. "இன்னா பண்ணாரு, சொல்லு மாமே" என்று எல்லாரும் பிடுங்கினார்கள். அவரும் பார்த்தார், முடியவில்லை. கையை உயர்த்தி, இருங்கள் என்று சைகை காட்டினார். சாப்பாட்டு நேரம் முடிந்து கரண்ட் வந்து, மோட்டார் எல்லாம் பிடித்து ஓடத் தொடங்கியதும், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "கொடில காஞ்சுகினு இருந்த மருமவன் வேட்டிய எடுத்துக் கட்டிகினு, தம்மோட அழுக்கு வேட்டிய அங்கியே போட்டுட்டு ஊருக்குக் கெளம்பிட்டாரு." பக்கத்திலேயே நின்றிருந்த சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார்.

பிரஸ்ஸுக்குள் கை போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பு வேண்டும் என்று கேட்க, அவரைத்தான் மேனேஜரிடம் அனுப்பினோம். எங்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் அவர்தானே. கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட அறைக்குள் போன பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. மேனேஜர் "என்னப்பா, என்னப்பா" என்கிறார், இவர் சிலையாக நிற்கிறார். அப்புறம் இவர் ஒரு காரியம் செய்தார். கொஞ்சம் வாங்க என்று கையைக் காட்டி மேனேஜரை ஷெட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். மெஷின் பக்கத்தில் நிற்க வைத்து, யாருக்கு எந்த விரல் எப்படிப் போனது என்று தொடங்கிப் பொழிந்து தள்ளினார். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு, "சரிப்பா, சரிப்பா, செஞ்சுடலாம்" என்று ஓடினார். கொஞ்ச நாளில் தடுப்பு வந்துவிட்டது. நியாயம் காதில் விழுந்து வந்ததா, சத்தம் தாங்காமல் வந்ததா, அது மேனேஜருக்குத்தான் வெளிச்சம்.

பட்டரவாக்கத்திலிருந்து ஆவடிக்கு நாங்கள் மின்சார ரயிலில் திரும்புவோம். அதிலும் இப்படித்தான். ரயில் ஓடும்போது ஜன்னலோரம் நின்று பேசுவார், திருமுல்லைவாயிலில் நின்றால் அவரும் பாதிச் சொல்லில் நிற்பார்.

கல்யாணம்கூட இந்தச் சத்தத்தால்தான் கூடியது. பெண் குமணன்சாவடிக்காரி. பெண் பார்க்கப் போன வீட்டில் இவர் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மறுநாள் அவள் தையல் கிளாஸ் முடிந்து வருகிற நேரத்துக்கு, கூட்டு ரோட்டில், லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புகிற முனையில் போய் நின்றிருக்கிறார். "நேத்து பேசாததுக்குக் காரணம் கீது, கேளு" என்று ஆரம்பித்து, தனக்குத் திக்குவாய் என்பதைத் திக்காமல் சொல்லி முடித்திருக்கிறார். "எந்த ஆம்பள தன் கொறைய மொதல்ல சொல்லுவான், சொல்லுக்கா" என்று அவர் மனைவி என்னிடம் பெருமையாகச் சொல்வாள். அதற்குள் நாங்கள் கோவில்பதாகையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆகியிருந்தோம்.

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முக்கியமாக எதுவும் பேச வேண்டுமென்றால் கிரைண்டரைப் போட்டுவிடுவார்கள். அரிசியும் இருக்காது, உளுந்தும் இருக்காது. தண்ணீரை ஊற்றிக் கல்லைச் சுற்ற விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். "கல்லு தேஞ்சி போவுதுன்னு கிரைண்டர் ரிப்பேர்காரன் திட்றான்க்கா. எங்கம்மா ஊட்டுக்குப் போறதப் பத்திப் பேசணும்ன்றாரு, நான் இன்னா பண்றது?" என்பாள். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். இட்லிக்கு அரைக்காத நாளில் கிரைண்டர் சத்தம் கேட்டால், ஏதோ பெரிய விஷயம் ஓடுகிறது என்று நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம்.

பாப்பா பிறந்தாள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வயது தாண்டியதும், ஒருநாள் என்னிடம் வந்து "மி... மி... மிட்டாய்" என்று கேட்டாள். குழந்தைப் பேச்சு என்று நானும் விட்டுவிட்டேன். போகப் போக அதிகமானது. குமணன்சாவடியிலிருந்து வந்த மாமியார் ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பன் வாயப் பாத்துப் பாத்துத்தான் கொழந்தைக்கும் ஒட்டிகினு கீது" என்றார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். ஆனால் அன்றோடு இவர் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கிரைண்டரும் ஓடவில்லை. கல் நின்ற பிறகும் ஒரு சொல் மிச்சம் இருந்து, அது குழந்தை காதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் விட்டுவிட்டார். பாப்பா எதைக் கொண்டுவந்து காட்டினாலும் தலையாட்டுவார், சிரிப்பார், தூக்கி வைத்துக்கொள்வார். பேச்சு மட்டும் கிடையாது. ஒருநாள் அவள் என் வீட்டுக்கு வந்து, "அ... அத்தே, அப்பா எம்மேல கோ... கோவமா கீறாரா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஷாப்பில் அவரைப் பிடித்துத் திட்டினேன். பிரஸ் இடித்துக்கொண்டிருந்ததால் பதில் மடமடவென்று வந்தது. "நீ சொல்றது புரியுதுக்கா. ஆனா எங்கிட்டருந்து அவ நெறத்த எடுத்துக்கட்டும், மூக்க எடுத்துக்கட்டும். இத மட்டும் எடுத்துக்க வாணாம். நான் பேசலன்னா அவளுக்குப் போயிடும்." போகவில்லை. அவர் பேசாமல் இருக்க இருக்க அவளுக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு விரலை நீட்டிக் காட்டத் தொடங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான், தொண்ணூற்றெட்டு வாக்கில் இருக்கும், ஷாப்காரர்கள் நாங்கள் மருந்து வாங்கப் போகிற டிஸ்பென்சரியின் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், பெரியவர்கள் ஆன பிறகும் திக்குகிறவர்களை வரவழைத்து, அவர்கள் பேசும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்கிறார்களாம். வைத்தியம் இல்லை, ஆராய்ச்சிதான், போனால் திக்கு நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இவருக்கு வைத்தியம் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அவர் மனைவி குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டும் என்பதால், பேசத் துணைக்கு என்னை அழைத்துப் போனார்.

அங்கே டாக்டர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். சத்தமே இல்லாத ஒரு அறையில் உட்கார வைத்து, மழையைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். டேப் ஓடியது. இவர் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுந்து எழுந்து ஒருவழியாக முடித்தார். டாக்டர் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லா வருது சார், எங்களுக்கு இதான் வேணும்" என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அதற்காக அவரை ஒருவரும் பாராட்டியதில்லை.

பிறகு ஏகப்பட்ட கேள்விகள். அந்த மெஷின் பெரிய காந்தமாம், உடம்பில் இரும்பு இருக்கக் கூடாதாம். "கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் பட்டிருக்கா?" என்று கேட்டார் டாக்டர். பிரஸ் ஷாப்காரனிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வது? முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். வாய்க்குப் பக்கத்தில் மைக். கண்ணுக்கு மேலே கண்ணாடி, அதில் படிக்க வேண்டிய எழுத்து தெரியும். நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் டாக்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. சுவரைத் தாண்டியும் டக் டக் டக் டக்கென்று இடி. ஐயோ, இது எங்கள் ஷாப் மாதிரியே இருக்கிறதே என்று நினைக்கும்போதே ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. மழை கொட்டுவது மாதிரி மழையைப் பற்றிப் படித்தார். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. டாக்டர் தாளைப் பார்த்தார், கண்ணாடிச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலையில படிச்சவர் இவர்தானே?"

"இவர்தான் மேடம். சத்தத்துல இவருக்குத் திக்காது. மெஷின் இப்படி இடிக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்."

"சத்தத்துல குறையும்னு எங்களுக்கும் தெரியும். மத்தவங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. இப்படி ஒரேடியா போகும்னு நினைக்கல" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மெஷினை நிறுத்தி மைக்கில், "சார், எப்பவும் பேசற மாதிரியே பேசுங்க. திக்கினா பரவாயில்ல, திக்கினாத்தான் எனக்கு வேலை" என்றார்.

அடுத்த தடவை இவர், பாவம் அந்த அம்மா ஆசைப்படுகிறாரே என்று, வலிந்து திக்கிப் பார்த்தார். மேடையில் குடிகாரன் வேஷம் கட்டியவன் தள்ளாடுவது மாதிரி இருந்தது. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நடிக்காதீங்க சார். தலை வேற ஆடுது, படம் கெட்டுப்போகும்."

மூன்றாவது தடவை ஒழுங்காகப் படித்தார். படித்து முடித்தும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் அவரே மேலே பேசினார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேட்டுக்கறேன். வெளிய வந்தா என்னால கேக்க முடியாது. எனக்கு ஒரு பொண்ணு கீது. அதுக்கும் திக்குது. நான் பேசறதக் கேட்டுத்தான் வந்துச்சா? அப்படின்னா சொல்லிடுங்க, ஆயுசுக்கும் ஊட்ல வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னாலும் சொல்லிடுங்க. எம் பொண்ணுகிட்ட பேசி ரொம்ப நாளாவுது."

பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் நிறுத்துவதற்குக் கையை நீட்டினார். டாக்டர் அந்தக் கையைத் தடுத்துவிட்டார். நிறுத்தினால் அந்த மனுஷரால் மேலே ஒரு சொல் பேச முடியாது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. அந்த ஒரு செய்கைக்காக அந்த அம்மாளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இவர் பேசி முடித்த பிறகுதான் மெஷின் நின்றது.

டாக்டர் மைக்கில் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார், நானும் பின்னாலேயே போனேன். படுக்கையை வெளியே இழுத்து, அவர் தலைமாட்டில் நின்று சொன்னார். "கேக்கறதால ஒட்டிக்கறது இல்ல சார். இது சளி, காய்ச்சல் மாதிரி கிடையாது. சில குடும்பத்துல வழிவழியா வர்றது உண்டு, அதை நான் மறைக்கல. அப்படி வந்திருந்தாலும் நீங்க பேசினதால வரல. சின்ன வயசுல ஆரம்பிக்கற குழந்தைங்க நிறைய பேருக்குத் தானாவே போயிடும். உங்க பொண்ணுக்குப் போகுமா, எனக்குத் தெரியாது. ஆனா நீங்க பேசாம இருந்தா, திக்கறவங்க பேசக் கூடாது போலிருக்குன்னு அவ நினைச்சுப்பா."

அவர் அசையாமல் படுத்திருந்தார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டக் கூடாது என்று சொன்னது இன்னும் நடப்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

சென்ட்ரலில் ஏறினோம். ரயில் கடகடவென்று ஓடியது. இப்போது பேசுவார், இப்போது பேசுவார் என்று நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். வழி முழுக்க ஒன்றுமில்லை. அண்ணனூரில் வண்டி நின்று பெட்டி அமைதியானதும்தான் வாயைத் திறந்தார். "பா... பா... பாப்பாக்கு இ... இன்னா வாங்கிகினு போலாம்க்கா?" எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகமில்லை.

பின்னால் ஒருமுறை கூப்பிட்டனுப்பிப் படங்களைக் காட்டினார்கள். சாதாரணமாகப் பேச்சுக்கு மூளையின் இடது பக்கம்தான் அதிகம் உழைக்குமாம், திக்குகிறவர்கள் பலருக்கு வலது பக்கமும் சேர்ந்து ஓடிவருகிறதாம். ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியாது, அதற்குத்தான் இத்தனை பேரைப் படம் எடுக்கிறோம் என்றார் டாக்டர். மறுநாள் இவர் ஷாப்பில் எல்லாருக்கும் விளக்கினார். "ஒரே மெசின்ல ரெண்டு ஆளு கை வெச்ச மாதிரிப்பா. ரெண்டு பேரும் நல்ல வேலக்காரன்தான், ஒருத்தன ஒருத்தன் பாத்துகினு நிக்கறானுங்க." பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் போன பிறகு திக்கு குறைந்தது, சுத்தமாகப் போகவில்லை. கிளாசில் அதிகம் பேசியதற்காக அவளை வெளியே நிறுத்தினார்கள் என்று ஒருநாள் அவர் மனைவி வந்து சொன்னபோது, நாங்கள் இரண்டு பேரும் மிட்டாய் வாங்கித் தின்றோம்.

அதெல்லாம் அப்புறம் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கு, விளக்கு வைத்த பிறகு, உறைமோர் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் மடியில். மனைவி ஒரு ஓரத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவி இல்லை, ஃபேன்கூட ஓடவில்லை. பூந்தமல்லி ரோட்டில் ஒரு லாரியை மறித்துக்கொண்டு நின்ற ஏதோ ஒன்றைப் பற்றி மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அது நகரமாட்டேன் என்கிறது, கருப்பாக, பெரிய கொம்போடு நடு ரோட்டில் நிற்கிறது. அது என்ன என்று சொல்லுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார்.

"எ... எ... எ..."

கண்ணை இறுக மூடினார், கழுத்து நரம்பு புடைத்தது. மனைவியின் கை அவரைக்காயில் அப்படியே நின்றது. எனக்குத் தாங்கவில்லை. அவரை அந்தச் சங்கடத்திலிருந்து விடுவித்தால் போதும் என்று, "எருமைதானே" என்று சொல்லிவிட்டேன்.

பாப்பா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு கண்டிப்பு.

"அ... அ... அத்தே, நீ சும்மா இரு. அப்பா சொ... சொல்லிகினு கீறாருல்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். திரும்பவும் ஆரம்பித்தார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற வாசனை வந்தது, மனைவி எழுந்து போகவில்லை. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"எ... எ... எருமை" என்றார்.

"அப்பறம்?" என்று கேட்டாள் பாப்பா.